டீட்மாரின் மூன்று வரி

ஜூலை 1, திங்கள்

முதல் வகுப்பு முடிந்தது. நன்றாகத்தான் நடத்தினேன். இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அந்த ஆறு பேரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காலையில் கிளம்பும்போது எங்கள் வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார்: "ஏம்புள்ள, வெள்ளக்காரனுக்கே இங்கிலீஷ் சொல்லித்தரப் போறியாக்கும்?"

"அவுங்க ஜெர்மன்காரங்க. இங்கிலீஷு அவுங்களுக்கும் பக்கத்து வூட்டுப் பாஷைதானுங்," என்றேன்.

சூலூரைத் தாண்டி இருக்கும் இந்தப் பம்ப் கம்பெனியில் புது உற்பத்தி லைன் போடுவதற்காக ஜெர்மனியிலிருந்து வந்திருக்கிறார்கள். அக்டோபர் வரை இருப்பார்கள். வேலையில் கெட்டி. வாயைத் திறந்தால்தான் வம்பு. வந்த ஒரே மாதத்தில் நம் ஆட்கள் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு லீவு போட்டுவிட்டார்களாம். மேனேஜர் கிருபாகரன் சார் என்னைக் கூப்பிட்டு, "மேடம், அவுங்க கெட்டவங்க இல்லீங்க. பேசறதுதான் கல்லெடுத்து எறியற மாதிரி இருக்குது. சித்தே பதமாப் பேசக் கத்துக்குடுத்துருங்க, போதும்" என்றார். பதினெட்டு வருஷம் கால் சென்டர் பிள்ளைகளைத் தேற்றிய வாய் இது. ஆறு ஜெர்மன்காரர்கள் எனக்கு எம்மாத்திரம்!

எட்டு மணி வகுப்புக்கு ஏழு ஐம்பத்தெட்டுக்குப் பெருமையாக நுழைந்தால், ஆறு பேரும் கட்டம் போட்ட நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்கேல் வேறு. கேள்வி கேட்டால் பதில் வரவே மாட்டேன் என்கிறது. தெரியாமல் இல்லை, வாக்கியம் முழுசாக மண்டைக்குள் தயாரான பிறகுதான் வாய் திறக்கும். டெஸ்ட் பிரிவுக்குத் தலைவர் டீட்மார், ஐம்பத்துநான்கு வயது, மீசை நரைத்த ஆள். "நேற்று என்ன செய்தீர்கள்?" என்று கேட்டுவிட்டு நான் மனசுக்குள் பதினொன்று வரை எண்ணினேன். அப்புறம் வந்தது பாருங்கள், ஒரு தப்பும் இல்லாத வாக்கியம்: "துணி துவைத்தேன்."

புது ரவிக்கையின் கை பிடிக்கிறது. போர்டில் எழுத எழுத ரத்த ஓட்டமே நின்றுவிடும் போல. டெய்லரிடம் போன வாரம் போட்டுப் பார்த்தபோது, "எப்படீங்க்கா இருக்குது?" என்றான். "நல்லா இருக்குது தம்பி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது, பாவம்.

ஜூலை 3, புதன்

இன்று நாடகம் போட்டோம். "உங்கள் உடன் வேலை செய்பவர் கொடுத்த ரிப்போர்ட்டில் ஒரு எண் தப்பு. அவரிடம் சொல்லுங்கள்." நான்தான் அந்த உடன் வேலை செய்பவர்.

டீட்மார் எழுந்து வந்தார். தாளை என் முன்னால் வைத்தார். "இது தப்பு. மறுபடி செய்யுங்கள்." போய் உட்கார்ந்துவிட்டார்.

கடவுளே! நாடகம் என்று தெரிந்தும் எனக்குச் சுருக்கென்றது.

போர்டில் ஒரு மெத்தை வரைந்தேன். எதிரே இருப்பவர் விழப் போகிறார், விழுவதற்கு முன்னால் கீழே மெத்தையைப் போட வேண்டும் என்று விளக்கினேன். முதலில் நலம் விசாரி, காபி குடித்தாரா என்று கேள், நல்லதாக ஒன்று சொல், "எனக்குத் தோன்றுவது" என்று ஆரம்பி, "முடிந்தால்" என்று முடி. குறை நடுவில் எங்கேயாவது இருந்துவிட்டுப் போகட்டும். தரப் பிரிவில் இருக்கும் ஆன்யா, முப்பது வயசுப் பெண், கை தூக்கினாள். "நலம் விசாரிப்பதற்கு எத்தனை நிமிஷம்?"

"ரெண்டு," என்றேன் விளையாட்டாக. ஆறு பேரும் எழுதிக்கொண்டார்கள்.

ஜூலை 6, சனி

மாவாட்டினேன். ஃபேன் துடைத்தேன். ஆறு பேரின் வீட்டுப்பாடத்தையும் திருத்தி ஆளுக்கொரு ஸ்டார் போட்டேன். பெரியவர்களுக்கும் ஸ்டார் பிடிக்கும், எனக்குத் தெரியும்.

ஜூலை 9, செவ்வாய்

பிடிக்கவில்லையாம்.

வகுப்பு முடிந்ததும் டீட்மார் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து சிவப்பு ஸ்டாரைக் காட்டி, "இது எதற்கு?" என்றார்.

"நல்லா எழுதியிருக்கீங்க, அதுக்கு."

"நல்லா எழுதினால் ஒன்றும் போட வேண்டாம். தப்பு எங்கே என்று மட்டும் போடுங்கள்."

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அவர் ஊர்ப்பக்கம் பாராட்டு என்று ஒன்றைத் தனியாகச் சொல்கிற பழக்கமே கிடையாதாம். மனைவி சமைத்ததைக் குறை சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தால் அன்றைக்குச் சமையல் பிரமாதம் என்று அர்த்தம். தொழில் பழகிய காலத்தில் இவருடைய மேஸ்திரி இவர் லேத்தில் கடைந்த இரும்பு உருளையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வாய் திறக்காமல் திருப்பிக் கொடுத்தாராம். மூன்று வருஷத்தில் அப்படி ஒரே ஒரு நாள். அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம் என்றார்.

ஒன்பது நாளாக ஒருத்தரும் வாய் திறந்து நல்லா இருக்கிறது என்று சொல்லவில்லையே என்று நான் இடிந்துபோயிருந்தேன். அப்படியானால் இவர்கள் ஆறு பேரும் என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள்! வரும் வழியில் அன்னபூர்ணா ஓட்டலில் வண்டியை நிறுத்தி ஒரு காபி குடித்தேன்.

ஜூலை 12, வெள்ளி

கிருபாகரன் சார் போன் செய்தார். "மேடம், என்ன மந்திரம் போட்டீங்க? டீட்மார் இன்னிக்கு என்ர ரூமுக்கு வந்து உட்காந்து, காபி ஆச்சான்னு கேட்டு, என்ர பையன் படிப்பை விசாரிச்சுப்போட்டு, அப்புறந்தானுங்க பேரிங் லேட்டானதைச் சொன்னாரு. கோவமே வரலை எனக்கு!"

நலம் விசாரிக்கச் சரியாக ரெண்டு நிமிஷம் எடுத்திருப்பார், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

வீட்டில் சொன்னேன். "அப்ப பேரிங் எப்ப வருதாம்?" என்று கேட்டார் இவர். அதைக் கிருபாகரன் சார் சொல்லவில்லை.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. காற்று என்றால் காற்று, ஸ்கூட்டரோடு ஆளைத் தள்ளுகிறது. மொட்டை மாடியில் காயப்போட்ட துண்டு மூன்றாவது வீட்டு வேப்பமரத்தில் கிடந்தது.

கம்பெனி கேண்டீனில் சென்னியப்பன் அண்ணன் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். டெஸ்ட் ஷெட்டுக்கு அவர்தான் சூப்பர்வைசர். எங்கள் வீட்டுக்காரரோடு ஒன்றாப்பிலிருந்து படித்தவர், எங்களுக்கு ரெண்டு வீதி தள்ளி வீடு. பம்புக்குள் தண்ணீரை நிரப்பி அழுத்தம் ஏற்றி, ஒழுகுகிறதா என்று பார்ப்பதுதான் அவருடைய சோலி. அப்போது பம்பின் வாயை ஒரு கனத்த தகட்டால் மூடி, கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். புது சைஸ் பம்புக்கு ஜெர்மனியிலிருந்து கிளாம்ப் வர நாளாகும் என்றதும், அண்ணனும் அவர் ஆட்களும் ராத்திரி பகலாக இருந்து இங்கேயே ஒன்று செய்து கொடுத்திருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"அம்மிணி, அந்தப் பெரிய மீசைக்காரரு நேத்து வந்து கிளாம்பைத் தடவித் தடவிப் பாத்தாருங். ஒரு வார்த்த நல்லாருக்குதுன்னு வாயில வரலைங் பாருங்க."

"ஒண்ணும் சொல்லலைன்னா ரொம்ப நல்லாருக்குதுன்னு அர்த்தமுங்கண்ணா," என்றேன்.

அண்ணன் குழந்தை மாதிரிச் சிரித்தார்.

ஜூலை 23, செவ்வாய்

நாளைக்கு வகுப்பில் ஆன்யாவின் முறை, அவளே முன்னால் நின்று பாடம் நடத்த வேண்டும், தலைப்பு போனில் பேசுவது. சாதத்துக்குப் பருப்பு தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

வகுப்பு முடிந்ததும் டீட்மார் ஒரு தாளை நீட்டினார். கிருபாகரன் சாருக்கு அனுப்ப வேண்டிய மெயில், கையால் எழுதி வைத்திருந்தார். மூன்றே வரி. தமிழில் சொன்னால் இப்படி:

வியாழக்கிழமை டெஸ்ட் கூடாது.
கிளாம்பில் விரிசல் இருக்கிறது.
நிறுத்துங்கள்.

வியாழக்கிழமை பம்ப் வாங்கும் பார்ட்டி நேரில் டெஸ்ட் பார்க்க வருகிறார்கள். கிருபாகரன் சார் பத்து நாளாக அதற்காகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறார். அவர் தலையில் இப்படியா கல்லைப் போடுவது? அதுவும் விரிசல் என்று எழுதினால் முதலில் திட்டு வாங்குவது யார், சென்னியப்பன் அண்ணன்தானே? எனக்கு மனசு கேட்கவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து மேலேயே திருத்தினேன். நல்ல திருத்தம், நானே சொல்கிறேன். "நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். டெஸ்ட் ஷெட்டின் உழைப்பு பாராட்டத்தக்கது. தங்களுக்கு வசதிப்பட்டால் வியாழக்கிழமை டெஸ்டைச் சற்றுத் தள்ளிவைப்பது பற்றி யோசிக்கலாமோ என்று தோன்றுகிறது. கிளாம்பில் லேசான கோடு போல ஒன்று தெரிகிறது."

டீட்மார் மீசையைத் தடவிக்கொண்டே ரெண்டு தடவை படித்தார்.

"விரிசல் எங்கே?"

"கோடுன்னு இருக்குதே. விரிசல்னு சொன்னா அதைச் செஞ்சவங்க மனசு நோகும்."

"இதைப் படித்தால் நிறுத்துவார்களா?"

"கண்டிப்பாப் புரிஞ்சுக்குவாங்க. எங்க ஊர் ஆளுங்களை எனக்குத் தெரியும்."

தாளில் ஒரு ஸ்டார் போட்டேன். இந்தத் தடவை அவர் எதற்கு என்று கேட்கவில்லை. அப்படியே டைப் அடித்து அனுப்பிவிட்டு, தாளை என் ஃபைலில் வைக்கக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜூலை 24, புதன்

ஆன்யாவின் பாடம் அருமை.

வகுப்பு முடிந்ததும் டீட்மார் போனைக் காட்டினார். கிருபாகரன் சாரிடமிருந்து பதில் வந்திருந்தது: "நோட்டட் வித் தேங்க்ஸ்." "நல்லது, குறித்துக்கொண்டார். டெஸ்ட் நின்றது," என்றார் டீட்மார். நாளைக்கு ஷெட்டில் வேலை இல்லையாகையால் பெருந்துறையில் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியைப் பார்த்துவிட்டு வருகிறாராம், ஆன்யாவும் கூடப் போகிறாள்.

நம் ஆபீஸ்களில் அந்தப் பதிலை எதற்கெல்லாம் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். பொங்கல் வாழ்த்துக்குக் கூடப் படிக்காமலே போடுவார்கள். சொல்லலாமா என்று வாயெடுத்தேன். அதற்குள் கேஸ் சிலிண்டர்காரர் வாசலில் நிற்பதாகப் போன் வந்துவிட்டது, கிளம்பிவிட்டேன்.

ஜூலை 25, வியாழன்

சென்னியப்பன் அண்ணனுக்கு அடிபட்டுவிட்டது. கை.

ஜூலை 26, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை.

பார்ட்டி வந்தார்கள். காலை பதினொரு மணிக்கு டெஸ்ட் போட்டிருக்கிறார்கள். அழுத்தம் ஏறும்போதே கிளாம்ப் ரெண்டாக விட்டுவிட்டது. தகடு பறந்து அண்ணனுடைய வலது கையில் முழங்கைக்குக் கீழே அடித்து, அப்புறம் சுவரில் மோதிக் கல்லைப் பெயர்த்திருக்கிறது. சுவரில் பட்டது தலையில் பட்டிருந்தால் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ரெண்டு எலும்பும் உடைந்து, ஆபரேஷன் செய்து பிளேட் வைத்திருக்கிறார்கள். விரல் முன்னைப் போல அசையுமா என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரியுமாம்.

இன்று விசாரணை தொடங்கியது. டீட்மார்தான் டெஸ்டுக்குப் பொறுப்பு, விரிசலைப் பார்த்தவரும் அவர்தான். பார்த்தும் ஏன் தெளிவாகச் சொல்லவில்லை என்று கேட்கிறார்கள். மெயிலைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார்களாம். "பாராட்டத்தக்கது" என்கிற வரியைப் படித்ததும் ஜெர்மனியிலிருந்து பேசிய பெரிய அதிகாரி, இதை உண்மையிலேயே நீங்கள்தான் எழுதினீர்களா என்று கேட்டாராம்.

டீட்மார், "கீழே என் பெயர் இருக்கிறது" என்றாராம். அவ்வளவுதானாம்.

இதெல்லாம் ஆன்யா சொன்னது. நான் கேட்டுக்கொண்டேன்.

ஜூலை 27, சனி

எல்லா ஜன்னல் திரைகளையும் துவைத்தேன். காற்றில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. அப்புறம் மிதியடிகளையும் துவைத்தேன்.

ஜூலை 28, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனோம். சாத்துக்குடி, ஹார்லிக்ஸ். அண்ணன் தலையணையில் சாய்ந்திருந்தார், கை முழுக்கக் கட்டு. எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்ததும், "வாடா மாப்ளே, கேரம் போர்டுல இனி நீதான் ஜெயிப்பே" என்றார். இவருக்குக் கண் கலங்கிவிட்டது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் சாத்துக்குடி உரித்தேன். அண்ணன் என்னிடம் சொன்னார்:

"அம்மிணி, எனக்கு ஒண்ணுதானுங் வெளங்கலை. அந்த மீசைக்காரரு கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திட்டுப் பாக்கற ஆளுங். அவரு போயிக் கோடு கீடுன்னு எழுதுவாருங்களா? விரிசல்னு ஒரு வார்த்த இருந்திருந்தா நான் வால்வைத் தொட்டே இருக்கமாட்டனுங்."

"நீங்க செஞ்ச கிளாம்பாச்சேன்னு..." என்றேன். முடிக்கவில்லை.

"அதுக்கு? என்ர கிளாம்புல விரிசல்னா எங்கிட்டச் சொல்லாம வேற யாருகிட்டச் சொல்றது? கோவிச்சுக்குவேன், ரெண்டு நாள் பேசமாட்டேன். கை இருந்திருக்குமில்லைங்?"

சுளை சுளையாகப் பிரித்து, கொட்டை எடுத்து, தட்டில் வைத்தேன். வெள்ளைத் தோல்கூட இல்லாமல் அவ்வளவு சுத்தமாக எடுத்தேன். சாத்துக்குடியை அப்படி உரித்துக் கொடுக்கிறவள் கோயமுத்தூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று அண்ணனுடைய மனைவி சொன்னாள்.

ஜூலை 29, திங்கள்

வகுப்பு வைத்தேன். வைக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். ஓட்டலில் ரூம் மாற்றிக் கேட்பது எப்படி என்று நடத்தினேன். டீட்மார் முதல் வரிசையில் வழக்கம்போல உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அவர் ஊர்ப் பழக்கம்தானே, குறை இருந்தால் சொல்லியிருப்பாரே என்று ஆன்யாவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன்.

ஆன்யா நோட்டை மூடினாள். அவளுக்குப் பதினொரு எண்ணிக்கை தேவைப்படவில்லை. "இது அந்த மௌனம் இல்லை," என்றாள்.

ஜூலை 30, செவ்வாய்

டீட்மாருக்கு ஜெர்மனிக்குத் திரும்பச் சனிக்கிழமை டிக்கெட் போட்டுவிட்டார்கள். முப்பத்தோரு வருஷ சர்வீஸாம். இங்கிருந்து இப்படிப் போனால் இனி எந்த டெஸ்டிலும் அவர் கையெழுத்துப் போட முடியாதாம். ஆபீசில் உட்கார வைத்துவிடுவார்கள்.

ராத்திரி சாப்பிடும்போது இவர் ரசத்தைப் பிசைந்துகொண்டே, "அந்த மெயிலு உன் இங்கிலீஷ் மாதிரி இருக்குதுன்னு கிருபாகரன் டிரைவர் சொல்றான்" என்றார்.

"இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களா?"

"ஊத்து."

ஊற்றினேன். அதற்கப்புறம் இவர் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக என்னோடு இருக்கிறார், எனக்கு எப்போது ரசம் ஞாபகம் வரும் என்று அவருக்குத் தெரியும்.

ஜூலை 31, புதன்

ஃபைலை எடுத்தேன். அந்தத் தாள் அப்படியே இருக்கிறது. கறுப்பு மையில் மூன்று வரி. மேலே கீழே சுற்றிச் சுற்றிச் சிவப்பு மை. கறுப்பைத் தேடித்தான் படிக்க வேண்டும். மூலையில் ஸ்டார்.

எழுதிவிடுகிறேன், இது என்னுடைய நோட்டுத்தானே. அந்த மெயிலை எழுதியது நான். விரிசலைக் கோடாக்கினது நான். நிறுத்துங்கள் என்று இருந்ததை எடுத்தது நான். நோட்டட் வித் தேங்க்ஸுக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு கேஸ்காரரைப் பார்க்கப் போனவளும் நான்தான். அண்ணன் மனசு நோகுமே என்று பார்த்தேன், கிருபாகரன் சார் முகம் சுருங்குமே என்று பார்த்தேன். அதைவிட என் வகுப்பில் வந்த ஆள் இப்படி எழுதினார் என்றால் என் பேர் என்னாகும் என்று பார்த்தேன். இந்தக் கடைசிக் காரணம் இதுவரை எனக்கே தெரியாது.

தெரியாது என்று எழுதினேன் பார், அதுவும் பொய். தெரியும்.

ஆகஸ்ட் 1, வியாழன்

விசாரணை நடக்கும் ரூமுக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனேன். கிருபாகரன் சார், சேஃப்டி ஆபீசர், திரையில் அந்த ஜெர்மன் அதிகாரி. ஓரமாக டீட்மார், நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

கிருபாகரன் சார் எழுந்தே விட்டார். "மேடம், முக்கியமான மீட்டிங் நடக்குது. எதுன்னாலும் நாளைக்குப் பேசிக்கலாமுங்களே?"

"சரிங்க சார்" என்று வாய்வரை வந்துவிட்டது. நாற்பத்தாறு வருஷப் பழக்கம், ஒரு நிமிஷத்தில் போகுமா?

"இல்லீங்க சார். இப்பத்தான் பேசணும்," என்றேன்.

தாளை மேசையில் வைத்தேன். "கறுப்பு மையில இருக்கறது டீட்மார் எழுதினது. சிவப்பு மை என்னுது. அவரு நிறுத்தச் சொன்னாரு. நான் மாத்தினேன். தப்பு என்னோடது." அதையே இங்கிலீஷிலும் திரையைப் பார்த்துச் சொன்னேன். மெத்தை போடவில்லை.

கிருபாகரன் சார் தாளை எடுத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அந்த மூன்று வரியைக் கண்டுபிடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இது வந்திருந்தா நான் பார்ட்டியவே வரவேண்டாம்னு சொல்லியிருப்பனுங்க மேடம்," என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "மரியாதையா இருந்துது. அவசரமில்லைன்னு நெனச்சுக் கீழ முழுசாப் படிக்கக்கூட இல்லைங்க நானு" என்றார். யாரும் கேட்காமலே சொன்னார்.

டீட்மார் மட்டும் எழுந்து, "அனுப்பியது நான். புரியாததை அனுப்பினேன். அதுவும் எழுதப்பட வேண்டும்" என்றார். என்ன மனிதர் இவர்!

திரையில் இருந்தவர் பட்டென்று பேசினார். நடந்ததை நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் டீட்மாரின் டிக்கெட் ரத்தாகும், டெஸ்ட் பொறுப்பும் அவரிடமே இருக்கும். நாளை காலை ஒன்பது மணிக்குள் வேண்டும். "இந்த வகுப்பை முடித்துக் கொடுங்கள், அடுத்த குழுவுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம்." இதையும் அதே மூச்சில் சொன்னார். மெத்தை இல்லாமல் விழுந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரிந்தது. ஆனால் சொன்னது என்ன என்பதில் ஒரு சந்தேகமும் இல்லை.

வரும் வழியில் டெய்லர் கடையில் நின்றேன். "தம்பி, கை பிடிக்குது. ஒரு மாசமாப் பிடிக்குது. பிரிச்சுத் தைச்சுக் குடு."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமுல்லங்க்கா," என்றான். அவனுக்கு மனசொன்றும் நோகவில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

நாளை ஆடிப் பதினெட்டு. பச்சரிசி ஊறப்போட வேண்டும்.

நேற்று ராத்திரி எழுத உட்கார்ந்தேன். முதல் தடவை ஒரு பக்கம் வந்தது. படித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் நான் எவ்வளவு நல்ல எண்ணத்தில் செய்தேன் என்றே இருந்தது. கிழித்தேன். ரெண்டாவதில் "துரதிருஷ்டவசமாக" என்று ஆரம்பித்திருந்தேன். கிழித்தேன். நாலாவது தடவை மூன்று வரி வந்தது. இவர் எட்டிப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்றார். "இவ்வளவுதானுங்," என்றேன். அதற்கு முன்னாலேயே ஆஸ்பத்திரிக்குப் போய் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ரெண்டு நாள் பேசமாட்டார். அவரே சொன்ன கணக்குத்தான், காத்திருப்பேன்.

காலையில் ஏழே முக்காலுக்கே வகுப்புக்குப் போய்விட்டேன். டீட்மார் மட்டும் வந்திருந்தார். என் தாளையும் சிவப்புப் பேனாவையும் அவர் முன்னால் வைத்தேன்.

"திருத்திக் குடுங்க," என்றேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பேனாவின் மூடியைக் கழற்றினார். மூன்று வரியையும் விரலை வைத்துப் படித்தார்.

டீட்மார் டெஸ்டை நிறுத்தச் சொன்னார்.
நான் அதை மாற்றி எழுதினேன்.
அதனால் சென்னியப்பனின் கை உடைந்தது.

மேலிருந்து மறுபடி படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைக்கூடப் பார்த்தார். நான் பதினொன்றையும் தாண்டி எண்ணிக்கொண்டிருந்தேன்.

பேனாவை மூடினார். வாய் திறக்காமல் தாளை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

ஒரு கோடு இல்லை. அதை அப்படியே கொண்டுபோய்க் கிருபாகரன் சாரிடம் கொடுத்துவிட்டு, எட்டு மணிக்கு வகுப்பை ஆரம்பித்தேன்.